மூச்சைப் புகையாக நினைத்துப் பாருங்கள்: சுவாச வைரஸ் பரவும் விதமும் தற்காத்துக்கொள்ளும் வழிகளும்

சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்குக் காய்ச்சலும் இருமலுமாக வந்தபோது, வீட்டில் எல்லோரும் பயந்துபோய் ஒரே ஒரு வேலையை விடாமல் செய்தோம். துடைத்துக்கொண்டே இருந்தோம். கதவுப் பிடி, சுவிட்ச், போன், நாற்காலியின் கை என்று ஒன்றையும் விடவில்லை. அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலை மட்டும், குளிர்காற்று பட்டால் காய்ச்சல் கூடிவிடும் என்று இறுகச் சாத்தி வைத்திருந்தோம். நான்காம் நாள் அம்மா படுத்தார். மறுநாள் நான்.

ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் கட்டாயம் தப்பியிருப்போம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் துடைப்பதில் போட்ட உழைப்பில் பாதியைக் காற்றின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது. இதையெல்லாம் முதல்முறையாக யோசிக்கிறவர்களுக்காகவே எழுதுகிறேன். எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு மெனக்கெடுவது என்று தெரிந்துவிட்டால் பயமும் பாதி குறையும்.

வைரஸ் எதில் ஏறி வருகிறது?

ஃப்ளூ, கோவிட், குழந்தைகளை அதிகம் வாட்டும் ஆர்எஸ்வி, தட்டம்மை, ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸ் எல்லாம் வேறு வேறு வகை. ஆனாலும் உயிருள்ள செல்லுக்குள் நுழைந்தால்தான் இவை பெருக முடியும். வெளியே இருக்கும்வரை ஏதாவது ஒரு துளி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆளின் மூக்கு, வாய், கண் வரை போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்த ஈரம் தும்மலிலும் இருமலிலும் வருவது எல்லோருக்கும் தெரியும். பேசும்போதும் சிரிக்கும்போதும், சும்மா மூச்சு விடும்போதுகூட வருகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. குரல் உயர உயரத் துளிகளும் கூடுகின்றன.

துளியின் அளவில்தான் விஷயமே இருக்கிறது. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் உள்ள, 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துளி, நிற்பவரின் வாயிலிருந்து 5 வினாடியில் தரைக்கு வந்துவிடும். 5 மைக்ரான் துளி அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 1 மைக்ரான் துளிக்கு 12 மணி நேரம் ஆகும். அதுவும் காற்று சற்றும் அசையாமல் இருந்தால்தான். ஆள் நடக்கும், ஃபேன் சுற்றும் அறையில் அந்தத் துளிகள் இறங்க வழியே இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும்.

இதை மனதில் நிறுத்த எனக்கு உதவியது சிகரெட் புகைதான். பக்கத்தில் ஒருவர் புகைத்தால் முகத்திலேயே அடிக்கும். நாலடி தள்ளிப் போனால் குறையும், ஆனால் மறையாது. மூடிய அறை என்றால் கொஞ்ச நேரத்தில் எந்த மூலைக்குப் போனாலும் வாடை வரும். அவர் எழுந்து போன பிறகும் நிற்கும். மொட்டை மாடியில் என்றால் ஒரு காற்றில் கலைந்துவிடும். நோயுள்ளவரின் மூச்சையும் இப்படி ஒரு புகையாக நினைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகிறவற்றில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

நடந்த சம்பவங்களும் இதையே சொல்கின்றன. 1977இல் அலாஸ்காவில் 54 பேர் இருந்த விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே நின்றது. உள்ளே காற்றோட்ட அமைப்பு ஓடவில்லை. பயணிகளில் ஒருவருக்கு ஃப்ளூ இருந்தது. மூன்று நாட்களுக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் நோயில் விழுந்தார்கள். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்ற இடத்தில் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தார்கள். அதில் ஒருவருக்கு ஜலதோஷம் போன்ற அறிகுறி இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேருக்குக் கோவிட் உறுதியானது அல்லது இருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. இருவர் இறந்தார்கள். 61 பேரும் ஒரே கதவுப் பிடியைத் தொட்டிருக்கலாம்தான். ஆனால் இரண்டரை மணி நேரம் எல்லோரும் பகிர்ந்துகொண்டது அந்த அறையின் காற்றை. தட்டம்மை இன்னும் ஒரு படி மேலே. நோயாளி அறையை விட்டுப் போய் 2 மணி நேரம் வரைகூட அந்தக் காற்றிலிருந்து தொற்றும்.

படி 1: இடத்தை எடை போடப் பழகுங்கள்

ஓர் இடத்துக்குள் நுழையும்போது நான்கு கேள்விகள் போதும். மூடிய இடமா? கூட்டமா? நீண்ட நேரம் இருக்கப் போகிறோமா? சத்தமாகப் பேசுகிறார்களா, பாடுகிறார்களா? நான்குக்கும் ‘ஆமாம்’ என்றால் அது ஆபத்தான இடம். ஜப்பானில் 2020இல் மக்களுக்குச் சொன்ன அறிவுரையும் ஏறக்குறைய இதுதான்: மூடிய இடம், கூட்டம், நெருங்கிய பேச்சு மூன்றையும் தவிருங்கள் என்றார்கள்.

தூரம் தள்ளி நிற்பதற்கும் பலன் உண்டு. அருகில் மூச்சு அடர்த்தியாக இருக்கும், தள்ளிப் போகப் போக நீர்த்துப்போகும். ஆனால் ஆறடி என்பது சுவர் கிடையாது. காற்றே வராத அறையில் பத்தடி தள்ளி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை விட, திறந்தவெளியில் நாலடியில் பத்து நிமிடம் பேசிவிட்டு வருவது மேல்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஃப்ளூ வந்தவரிடமிருந்து, அவருக்கே உடம்பு சரியில்லை என்று தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றலாம். கோவிடில் ஒன்றிரண்டு நாள் முன்பே. அதனால் இருமுகிறவரை மட்டும் பார்த்து ஒதுங்கினால் போதாது. அவரை வெறுப்போடு பார்க்கவும் தேவையில்லை. தொற்று எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

படி 2: காற்றை மாற்றுங்கள்

என்னைக் கேட்டால், செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். ஒரு ஜன்னலைத் திறப்பதை விட எதிரெதிரே இருக்கும் இரண்டைத் திறப்பது பல மடங்கு நல்லது. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும். ஜன்னல் ஒரு பக்கம் மட்டும்தான் என்றால் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும். டேபிள் ஃபேனை ஜன்னலருகே வைத்து வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பினால் அதுவே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

இரண்டு இடங்களில் பலரும் ஏமாறுவார்கள். சீலிங் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றைச் சுழற்றுமே தவிர, புதுக் காற்றைக் கொண்டுவராது. வீடுகளில் உள்ள சாதாரண ஏசியும் அப்படித்தான். அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. குளுகுளுவென்று இருப்பதால் காற்று சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். ஏசி போட்டே ஆக வேண்டும் என்றால் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள், அல்லது ஒரு மணிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சில நிமிடம் அகலத் திறந்துவிடுங்கள்.

அறையின் காற்று எவ்வளவு பழையது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி. வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்முக்குச் சற்று மேல் இருக்கும் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்பதுதான் பிபிஎம்). நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000 பிபிஎம். அறையில் 800க்குள் இருந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். 1,500 காட்டினால், நீங்கள் இழுக்கும் காற்றில் நூற்றில் ஏறக்குறைய மூன்று பங்கு அந்த அறையில் இருப்பவர்கள் ஏற்கெனவே விட்ட மூச்சு. முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெளியிலிருந்து உள்ளே வந்ததும் புழுக்கமாக, அடைசலாகத் தோன்றினால் அதுவே போதுமான எச்சரிக்கை.

ஜன்னல் திறக்க முடியாத இடத்தில் ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை ஹெப்பா பிடித்துவிடும். வாங்கும்போது உங்கள் அறையின் அளவுக்கு அது போதுமா என்று பாருங்கள். ஓசோன் வெளியிடும் கருவிகள் வேண்டாம், அது நுரையீரலுக்கே கெடுதல். ஒரு மணி நேரத்தில் அறைக்காற்று குறைந்தது 5 முறை மாறுகிற அளவுக்குச் சுத்தமான காற்று கிடைக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் சொன்ன இலக்கு. ஜன்னல், எக்ஸாஸ்ட், சுத்திகரிப்பான் எல்லாம் சேர்ந்து அதை எட்டினால் சரி.

படி 3: மாஸ்க், சரியான மாஸ்க், சரியாகப் போட்ட மாஸ்க்

“வைரஸ் 0.1 மைக்ரான்தான், மாஸ்க்கின் ஓட்டை அதைவிடப் பெரிது, பிறகெப்படித் தடுக்கும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. மாஸ்க் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. இழைகள் பல அடுக்காகப் பின்னிக் கிடக்கும் ஒரு காடு அது. பெரிய துகள் வளைந்து போக முடியாமல் இழையில் மோதும். மிகச் சிறிய துகள் நேராகப் போகாமல் அங்குமிங்கும் தடுமாறுவதால் அதுவும் எதிலாவது மோதி ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரான் அளவில் இருப்பதைப் பிடிப்பதுதான் கடினம். அதையும் குறைந்தது 95 சதவீதம் பிடித்தால்தான் என்95 என்ற பெயர். அதற்காகவே இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். போதாததற்கு வைரஸ் தனியாக வருவதில்லை, தன்னைவிடப் பெரிய ஈரத்துளியில்தான் வருகிறது.

ஆனால் எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று சுலபமான அந்த வழியில்தான் போகும். அதனால் போடும்போது இப்படிச் செய்யுங்கள். கையைச் சுத்தம் செய்துவிட்டு, மூக்கும் தாடையும் உள்ளே அடங்கும்படி மாஸ்க்கை வையுங்கள். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் மூக்கின் வடிவத்துக்கு அழுத்துங்கள், ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பி இடைவெளி விழும். இப்போது இரண்டு உள்ளங்கைகளாலும் மாஸ்க்கை லேசாக மூடி மூச்சை வேகமாக விடுங்கள். கண்ணோரம் காற்று பட்டால் கம்பியைச் சரிசெய்யுங்கள். கன்னத்தில் பட்டால் பட்டையை இறுக்குங்கள். தாடி இருந்தால் எவ்வளவு முயன்றாலும் முழுதாகப் பொருந்தாது. தலையைச் சுற்றி வரும் பட்டை, காதில் மாட்டும் வகையை விட இறுக்கமாகப் பொருந்தும். முன்னால் வால்வு உள்ளது உங்களைக் காக்கும், ஆனால் நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமலே வெளியே போகும். நோயாளிக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

என்95ஐத் துவைக்கக் கூடாது. துவைத்தால் மின்னூட்டம் போய்விடும். போட்ட பிறகு காகிதப் பையில் சில நாள் உலரவிட்டு மறுபடி போடலாம். நைந்தாலோ, அழுக்கானாலோ, பட்டை தளர்ந்தாலோ எறிந்துவிடுங்கள். அறுவை சிகிச்சை மாஸ்க் மட்டும்தான் கையில் இருக்கிறதா? காதுப் பட்டையை மாஸ்க்கின் ஓரத்தோடு ஒரு முடிச்சுப் போட்டுப் பக்கவாட்டு மடிப்பை உள்ளே செருகுங்கள், அல்லது மேலே ஒரு துணி மாஸ்க்கைப் போடுங்கள். ஓரம் படிந்து உட்கார்ந்தாலே பாதுகாப்பு நன்றாகக் கூடும்.

படி 4: கை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்டு அலுத்தது. சோப்புப் போட்டு 20 வினாடி. வெளியிலிருந்து வந்ததும், சாப்பிடும் முன், மூக்கு சிந்திய பின், நோயாளியைக் கவனித்த பின். ஃப்ளூ, கோவிட், ஆர்எஸ்வி வைரஸ்களுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடுவதால் வைரஸ் செயலிழந்துபோகும். ரைனோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது, அதைத் தேய்த்துக் கழுவித்தான் விரட்ட வேண்டும். சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும், கை காயும்வரை தேய்க்க வேண்டும். ஃப்ளூ வைரஸ் எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் ஒன்றிரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் நேரம் போகப் போக வீரியம் வேகமாகக் குறைந்துவிடும். நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும். முகத்தைத் தொடும் பழக்கத்தைக் குறைத்தால் அதைவிட நல்லது.

படி 5: தடுப்பூசி

தடுப்பூசி போட்டும் எனக்கு வந்ததே என்று சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். வரலாம். மூக்கின் உள்தோலில் இருக்கும் பாதுகாப்பு சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. நுரையீரலையும் உயிரையும் காக்கும் பாதுகாப்பு அதைவிட நீண்ட நாள் நிற்கிறது. மூன்று நாள் காய்ச்சலோடு போவதற்கும் ஐசியூவில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இங்கேதான் இருக்கிறது. ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஊசி வருடத்துக்கு ஒருமுறை. போட்டு ஏறக்குறைய 2 வாரம் ஆன பிறகுதான் முழுப் பலன், அதனால் சீசன் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். தட்டம்மைக்கு இரண்டு தவணை போட்டால் 97 சதவீதப் பாதுகாப்பு. கர்ப்பிணிகள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது பிறக்கப்போகும் குழந்தைக்கும் கவசம், ஏனென்றால் 6 மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. 60 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் எந்தெந்த ஊசி பாக்கி இருக்கிறது என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படி 6: வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

முதலில், வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தே தீரும் என்று கைவிட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தும் மற்றவர்கள் தப்பிப்பது எத்தனையோ முறை நடக்கிறது. முயற்சி வீண் போகாது.

தனி அறை இருந்தால் அதை நோயாளிக்குக் கொடுங்கள். அந்த அறையின் ஜன்னல் திறந்திருக்கட்டும், வீட்டுப் பக்கக் கதவு சாத்தியிருக்கட்டும். ஜன்னலில் ஒரு ஃபேன் வெளிப்பக்கம் பார்த்து ஓடினால், வீட்டுக் காற்று அந்த அறைக்குள் போகுமே தவிர அந்த அறைக் காற்று வீட்டுக்குள் வராது. போர்வை ஒன்று கூடுதலாகக் கொடுங்கள், குளிருக்காக ஜன்னலைச் சாத்த வேண்டாம். எங்கள் வீட்டில் நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

இருப்பதே ஒரே அறை என்றால்? பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். காற்று முதலில் நோயில்லாதவர்களைத் தொட்டு, அப்புறம் நோயாளியைத் தொட்டு, வெளியே போகும்படி படுக்கையை அமையுங்கள். அதாவது, காற்று வெளியேறும் ஜன்னலோரம் நோயாளி. ஃபேனும் அதே திசையைப் பார்க்கட்டும். தலைமாட்டுகள் எதிரெதிர் முனையில் இருக்கட்டும்.

கவனித்துக்கொள்ள ஒருவர் போதும், முடிந்தால் வயதில் இளையவராக, தடுப்பூசி போட்டவராக. உள்ளே போகும்போது அவர் என்95 போடட்டும், நோயாளி ஏதாவது ஒரு மாஸ்க் போடட்டும். மூச்சுத் திணறுகிறவருக்கும் 2 வயது ஆகாத குழந்தைக்கும் மாஸ்க் போடக் கூடாது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைச் சில நாள் நிறுத்துங்கள், சாப்பிடும்போதுதான் எல்லோருடைய மாஸ்க்கும் ஒரே நேரத்தில் கழன்றிருக்கும். பாத்திரத்துக்கும் துணிக்கும் வழக்கமான சோப்பே போதும். துண்டு மட்டும் தனி. கதவுக்கு வெளியே நின்று பேசுங்கள், போனில் பேசுங்கள், ஆனால் பேசாமல் இருக்காதீர்கள். தனியறையில் படுத்திருப்பவருக்குக் காய்ச்சலை விடத் தனிமை அதிகமாக வலிக்கும்.

மருந்தில் சில எச்சரிக்கைகள். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, மீந்துபோன மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். பல ஜலதோஷ மாத்திரைகளுக்குள் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக வேறு போட்டால் அளவு மீறிப்போய்க் கல்லீரல் பாதிக்கப்படும். அட்டையைப் படியுங்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்காக ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், ஒசெல்டாமிவிர் போன்ற வைரஸ் மருந்து அதற்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

படி 7: எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்

மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போவது, நெஞ்சு வலி, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது, எழுப்பினால் எழாமல் இருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் விட்டு, தேறிவருவது போல் இருந்து, மறுபடி அதிகமாக வந்தால் நுரையீரலில் பாக்டீரியா தொற்று சேர்ந்திருக்கலாம். அதையும் உடனே காட்ட வேண்டும்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் விரலைச் சூடாக்கி, நகப்பூச்சை நீக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். 95 அல்லது அதற்கு மேல் இயல்பு. 94 அல்லது 93க்கு இறங்கினால் டாக்டரிடம் பேசுங்கள், 92 அல்லது அதற்கும் கீழே என்றால் நேராக மருத்துவமனை. ஒன்று முக்கியம்: கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால், எண்ணை நம்பாதீர்கள், ஆளை நம்புங்கள்.

குழந்தைகளுக்கு மூச்சை எண்ணுங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது மேல், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது மேல் போனால் அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளிழுத்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும் உடனே கிளம்புங்கள். 3 மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே போதும், வேறு அறிகுறிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

படி 8: எப்போது வெளியே வரலாம்

காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, மற்ற தொந்தரவுகளும் குறைந்துகொண்டு வந்தால், மெல்ல வெளியே வரலாம். அதற்கடுத்த 5 நாட்கள் மாஸ்க்கோடு இருங்கள், முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் பார்க்கப் போகாதீர்கள், ஏனென்றால் உடம்பு தேறிய பிறகும் கொஞ்ச நாள் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது இன்னும் நீளும், அவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தட்டம்மைக்குக் கணக்கு வேறு: தடிப்பு வந்த நாளுக்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்புவரை தொற்றும்.

எல்லாம் சரியாகி வறட்டு இருமல் மட்டும் சில வாரங்கள் நிற்பது உண்டு. மூச்சுக்குழாய் ஆறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு மேல் பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது, மற்றவருக்குத் தொற்றும் காலமும் அதற்குள் முடிந்திருக்கும். எட்டு வாரம் தாண்டியும் நின்றால், அல்லது இடையில் சளியில் ரத்தம் தெரிந்தாலோ எடை குறைந்தாலோ, அது வேறு விஷயம். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.